நோயில்லாதவர் ரத்தத்தில் நோயின் வரலாறு

ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் தலைகாட்டிய கதையை வழக்கமாக 1955-இல், வேலூரில் தொடங்குவார்கள். காய்ச்சலும் வலிப்பும் நினைவிழப்புமாகக் கொண்டுவரப்பட்ட குழந்தைகளிடம் அங்கேதான் நோய் முதலில் அடையாளம் காணப்பட்டது, அதில் பிழையில்லை. ஆனால் மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1952-இல் நடந்த ஆய்வில், நாக்பூர், செங்கல்பட்டு மாவட்டத்தாரின் ரத்தத்தில் இந்த வைரஸுக்கு எதிரான ஆன்டிபாடிகள் தென்பட்டுவிட்டன. நோயாளிகள் என்று பார்த்து எடுத்த ரத்தமல்ல அது, ஊர்க்காரர்களின் ரத்தம். இந்த வைரஸ் தொற்றுகிற ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்குத்தான் நோய் முற்றுகிறது. மற்றவர்கள் மருத்துவமனைப் பதிவேட்டில் ஏறுவதே இல்லை. ஆகவே கொசுவும் உண்ணியும் பரப்பும் நோய்களின் வரலாற்றை முதல் நோயாளியிலிருந்து தொடங்குவது, கல்வெட்டு கிடைத்த ஆண்டில்தான் ஊரே பிறந்தது என்று சொல்வதைப் போன்றது. நலமாக இருப்பவரின் ரத்தமே மூத்த ஆவணம். ஆனால் அதில் எழுதியிருப்பது வைரஸின் பெயரா, அதன் குடும்பப் பெயர் மட்டுமா என்பதைப் பார்த்துத்தான் படிக்க வேண்டும்.

இந்த ஆவணத்தைப் படிக்கும் முறை மஞ்சள் காய்ச்சலால் பிறந்தது. வெள்ளைச் சுண்டெலியின் மூளையில் ஊசி வழியே செலுத்தினால் அந்த வைரஸ் பெருகும் என்று மாக்ஸ் தைலர் 1930-இல் காட்டினார். மறு ஆண்டே சாயரும் லாய்டும் அதைச் சோதனையாக்கினார்கள். பின்னாளில் மற்ற வைரஸ்களுக்கும் பரவிய அதன் நடைமுறை எளியது. ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை வைரஸோடு கலந்து எலிகளுக்குச் செலுத்தி, நாள்தோறும் கூண்டைப் பார்த்துச் செத்தவற்றை எண்ணுவார்கள். எலிகள் பிழைத்தால், ரத்தம் கொடுத்தவர் என்றோ அந்த வைரஸைச் சந்தித்திருக்கிறார் என்று பொருள். வயதையும் சேர்த்துப் பார்த்தால் காலக்கணக்கே கிடைத்துவிடும்: பெரியவர்களிடம் ஆன்டிபாடி இருந்து சிறுவர்களிடம் இல்லையென்றால், வைரஸ் வந்துபோய் அந்தச் சிறுவர்களின் வயதளவு ஆண்டுகளாவது ஆகியிருக்க வேண்டும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையும் 1952-இல் புனேயில் வைரஸ் ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கியதும் நாடெங்கும் ரத்த மாதிரிகள் திரட்டப்பட்டன. உகாண்டாவில் மேற்கு நைல் வைரஸைப் பிரித்தெடுத்தவர்களில் ஒருவரான ஸ்மித்பர்னும், அவரோடு கெர், கட்னே இருவரும் 1954-இல் வெளியிட்ட முடிவுகள் இன்றும் வியப்பூட்டுபவை. சோதித்த 196 பேரில் 33 பேரின் சீரம் ஜிகா வைரஸை முடக்கியது. நோயாளிகள் வழியே இந்தியாவில் ஜிகா உறுதியானதாக அறிவிக்கப்பட்டதோ 2017-இல், முதலில் அகமதாபாத்தில், பிறகு கிருஷ்ணகிரியில்.

இங்கேதான் வலுவான மறுப்பு எழுகிறது. ஜிகா, டெங்கு, மேற்கு நைல், ஜப்பானிய மூளைக்காய்ச்சல் எல்லாம் ஒரே குடும்பத்து வைரஸ்கள். ஒன்றுக்காக உடல் உண்டாக்கிய ஆன்டிபாடி இன்னொன்றையும் பிடித்துக்கொள்ளும். டெங்கு வந்துபோன நாட்டில் அந்த 33 பேரும் ஜிகாவைத்தான் கண்டார்கள் என்று சத்தியம் செய்ய முடியுமா? முடியாது. அந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு 1950-களிலேயே இந்தியாவில் ஜிகா பரவியிருந்தது என்று அடித்துச் சொல்வோரோடு எனக்கு உடன்பாடில்லை. அதற்காக ஆவணத்தையே தள்ளிவிடுவதும் சரியல்ல. கியாசனூர் காட்டைப் பாருங்கள். அதே 1952-இல் சௌராஷ்டிரம், கட்ச் பகுதி மக்களின் சீரத்தில், உண்ணி பரப்பும் ரஷ்ய வசந்தகால-கோடைகால மூளைக்காய்ச்சல் வைரஸுக்கு எதிரான ஆன்டிபாடிகள் கிடைத்தன. சைபீரியக் காட்டு வைரஸ் கட்ச் வறட்டு நிலத்துக்கு எப்படி வரும்? சோதனைக் கோளாறு என்று ஒதுக்கிவிட எல்லா நியாயமும் இருந்தது. 1957-இல் மைசூர் மாநிலத்துச் சிமோகா மாவட்டத்தின் அந்தக் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. மனிதர்களும் காய்ச்சலில் மாண்டார்கள். மஞ்சள் காய்ச்சலே வந்துவிட்டது என்று பதறிப் போன, புனே மையத்தின் டெல்ஃபோர்ட் வொர்க் குழுவினர் கண்டது அந்த ரஷ்ய வைரஸின் நெருங்கிய உறவை, அதையும் உண்ணிதான் சுமந்தது. இன்று குரங்குக் காய்ச்சல் என்கிறோம். 1952 ரத்தம் வைரஸின் பெயரைத் தவறாகச் சொன்னது. நோய் வெடித்த இடமும் ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி. ஆனால் உண்ணி பரப்பும் அந்தக் குடும்பத்தில் ஒன்று இந்த நாட்டில் இருக்கிறது என்று சொன்னதே, அது சரி.

ஆன்டிபாடி நாளடைவில் தேய்ந்துவிடாதா என்றும் கேட்கலாம். சில வைரஸ்களுக்குத் தேயும். சிக்குன்குனியாவுக்கு அது நெடுநாள் நிற்கிறது. 1963-இல் கல்கத்தாவிலும் 1964-இல் சென்னையிலும் பரவிய அந்தக் காய்ச்சல் 1973-க்குப் பின் காணாமல் போனது. 1990-களில் கல்கத்தாவில் ரத்தம் சோதித்தபோது ஆன்டிபாடி மூத்தவர்களிடமே கிடைத்தது, இளையவர்களிடம் இல்லை. இளைய தலைமுறைக்குக் காப்பு ஏதும் இல்லை என்ற எச்சரிக்கை அதிலேயே இருந்தது. 2005-இல் நோய் திரும்பி வந்தது. மூட்டுவலியில் நாடே முடங்கியது நினைவிருக்கும்.

இவையெல்லாம் பழங்கதைக்கு மட்டுமே உதவும் என்று நினைத்தால், டெங்குத் தடுப்பூசியின் அனுபவம் குறுக்கே நிற்கிறது. முதலில் சந்தைக்கு வந்த தடுப்பூசி, முன்பு டெங்கு வராத குழந்தைகளுக்குப் போட்டால் பின்னால் வரும் தொற்றைக் கடுமையாக்கக்கூடும் என்று 2017-இல் தெரிந்தது. பிலிப்பைன்ஸில் அதற்குள் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் போட்டுக்கொண்டுவிட்டார்கள். முன்தொற்றைச் சோதித்துப் போடுங்கள், முடியாவிட்டால் 9 வயதுக்குள் 80 சதவீதத்தினர் தொற்றைக் கண்டுவிட்ட பகுதிகளில் மட்டும் போடுவது பற்றி யோசியுங்கள் என்றது உலக சுகாதார அமைப்பு. இந்தியாவில் 15 மாநிலங்களில் 12,300 பேரிடம் ரத்தம் எடுத்த ஆய்வில் 9 முதல் 17 வயது வரையிலானவர்களில் தொற்றைக் கண்டவர்கள் 41 சதவீதம்தான். அந்த 41-லும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஆன்டிபாடியை டெங்கு என்று எண்ணியது கொஞ்சம் கலந்திருந்தால், டெங்குவே பார்க்காத குழந்தைகளின் எண்ணிக்கை இன்னும் கூடும்.