மார்பில் ஒரு வெற்றி மாலை

உடையைக் கொண்டு ஆளை எடைபோடும் பார்வையைப் பிற மாநிலங்களில் வாழும் நாம் நன்கு அறிவோம். அப்பார்வை எத்துணை நிலையற்றது என்பதற்குப் போலோ சட்டையின் வரலாறு ஒரு சான்று.

டென்னிஸ் வீரர்கள் நீண்ட கைச் சட்டை அணிந்த காலத்தில், பிரான்ஸ் நாட்டு ரெனே லகோஸ்த் அரைக்கைப் பின்னற்சட்டை அணிந்து ஆடினார். 1933-இல் முதலைச் சின்னத்துடன் அதனை விற்பனைக்கும் கொணர்ந்தார்.

இங்கிலாந்தின் பிரெட் பெர்ரியோ பஞ்சாலைத் தொழிலாளியாய் வாழ்வைத் தொடங்கிய ஒருவரின் மைந்தர். 1934 முதல் 1936 வரை விம்பிள்டனில் தொடர்ந்து மும்முறை வாகை சூடினார். ஆயினும் அங்கிருந்த மேட்டுக்குடியினர் அவரை மனமுவந்து ஏற்றாரில்லை. 1952-இல் வெற்றி மாலை முத்திரையுடன் அவர் பெயரால் சட்டை வெளிவந்தது.

ஆடுகளத்திற்கென வந்த அச்சட்டையை 1960-களில் ‘மாட்ஸ்’ எனப்பட்ட நகர இளைஞர் தமதாக்கினர். பின்னர், ஜமைக்கா இசையில் தோய்ந்த ‘ஸ்கின்ஹெட்’ என்னும் தொழிலாளர் குடும்பத்து இளைஞர் அணிந்தனர். நாளடைவில் அவர்களிடையே இனவெறியரும் புகுந்தனர். அமெரிக்காவில் வலதுசாரித் தீவிரக் குழு ஒன்று கறுப்பு மஞ்சள் சட்டையைத் தன் சீருடையாக்கவே, அமெரிக்காவிலும் கனடாவிலும் அதன் விற்பனையை நிறுத்தியதை நிறுவனம் 2020-இல் அறிவித்தது.

மாலை மாறவில்லை, அணிந்தோர் மாறினர். ஆதலின், உடையைக் கண்ட மாத்திரத்தில் ஒருவர் உள்ளத்தை முடிவு செய்தல் நமக்கும் தகாது.