கொழுந்துக் கூடையும் சமசம்பளமும்: ஊவாத் தோட்டங்கள் பற்றிய ஒரு குறிப்பு

ஊவாவின் மலைத்தோட்டங்களைக் காணவரும் உல்லாசப் பயணிகள் எல்லவில் இறங்குவர். அன்றேல் அப்புத்தளையிலிருந்து தம்பேதன்னத் தோட்டத்துக்கு ஏறுவர். 1890 இல் தோமஸ் லிப்டன் வாங்கிய தோட்டம் அது. அவர் அமர்ந்து பார்த்ததாகக் கூறப்படும் உச்சியிலிருந்து நோக்குமிடத்து, பசுமைக்கிடையே அசையும் வண்ணப் புள்ளிகளாகவே பெண்கள் தெரிகின்றனர். கோகிலம் சுப்பையா 1964 இல் வெளியிட்ட நாவலுக்குத் ‘தூரத்துப் பச்சை’ எனப் பெயரிட்டமை ஈண்டு நினைவுகூரத்தக்கது. உல்லாசப் பயணத்துறையில் ஆண் பெண் சமத்துவம் பற்றி இன்று பேசுவோர், ஊவாவைப் பொறுத்தவரை அத்துறை எந்த உழைப்புப் பிரிவினையின்மீது வந்து அமர்ந்துள்ளது என்பதையும் நோக்கல் வேண்டும்.

1927 ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்கீழ் 1929 இல் நடைமுறைக்கு வந்த விகிதங்கள் இவை: உயர்மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். பெண்ணின் கூலி ஆணின் கூலியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு. மூன்று தொகைகளையும் ஒருங்கே நிர்ணயித்த முறையிலேயே முதலாளியத்தின் கணக்குப் புலனாகிறது. ஆணின் கூலி குடும்பத்தைக் காப்பதற்கென ஒருபோதும் கணிக்கப்படவில்லை; லயத்துக் காம்பராவிலுள்ள அனைவரும் மலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும். அவ்வாறிருந்தும், பெண்ணின் கூலி ‘துணை வருமானம்’ எனவே கருதப்பட்டது. இரண்டு இலையும் ஒரு குருத்துமாகக் கிள்ளும் கைத்திறன் பெண்ணின் இயல்பாகக் கொள்ளப்பட்டதேயன்றித் தேர்ச்சியாக மதிக்கப்படவில்லை. கங்காணியும் கணக்கப்பிள்ளையும் ஆண்கள். பல தோட்டங்களில் மனைவியின் சம்பளத்தைக் கணவனே பெற்றுச்செல்லும் வழக்கமும் இருந்தது.

1940 இல் பதுளையை அடுத்த வேவெஸ்ஸத் தோட்டத் தொழிலாளர் தமக்கெனத் தேர்ந்தெடுத்த சபையொன்றை அமைத்து, துரையையே அதனுடன் கலந்து நடக்கச் செய்தனர். இலங்கைத் தொழிலாளர் வரலாற்றில் அது பெருநிகழ்ச்சி. ஆயினும் அதன்பின் நாற்பத்துநான்கு ஆண்டுகள் இருவேறு கூலிகள் நீடித்தன. வர்க்கப் போராட்டம் பெண்ணின் கோரிக்கையையும் தானாகவே தீர்த்துவிடும் என நம்பிய நம்மனோர் இதனை மனங்கொள்ளல் நன்று.

1975 இல் தோட்டங்கள் அரசுடைமையாயின. பால்வேறுபாட்டின் அடிப்படையில் பாரபட்சங் காட்டலாகாது என 1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு கூறிற்று. ஆயினும் அரசே எசமானாயிருந்த தோட்டங்களில் பெண்ணுக்குக் குறைந்த கூலியே வழங்கப்பட்டது. 1983 யூலையில் பதுளை நகரின் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தன. அடுத்த ஏப்ரலிலேயே மலையகத் தொழிற்சங்கங்கள் ஒன்றிணைந்து வேலைநிறுத்தத்தில் இறங்கின. அச்சத்தின் நடுவே எழுந்த துணிவு அது. இந்தியா 1983 இன் இறுதியில் சீ.டீ.சீ. தேயிலை ஏற்றுமதியை நிறுத்தியதனால் உலகச் சந்தையில் விலை ஏறியிருந்தமையும் தொழிலாளர் பக்கம் வலுச்சேர்த்தது. 1984 இல் சமசம்பளம் கிடைத்தது.

கிடைத்தது நாட்கூலியின் சமத்துவம். நாளின் நீளம் சமமாகவில்லை. கவ்வாத்து, கான்வெட்டு முதலிய வேலைகளில் ஆணுக்குக் கணக்கு வேலை. பகலோடு முடித்து இறங்கிவிடலாம். கொழுந்தெடுப்பவளோ மாலை நிறுவை வரை மலையில் நிற்கிறாள். குறித்த நிறை எடுக்காவிடில் அரைப்பேர். 1992 இல் முகாமை கம்பனிகளின் கைக்குச் சென்றபோதும், 2021 இல் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டபோதும், பிணக்கு இந்த நிறையைச் சுற்றியே எழுந்தது.

துரைமார் பங்களாக்கள் சில இன்று விடுதிகளாகியுள்ளன. பங்களாச் சமையலறையில் அப்புவும் பிள்ளை பார்க்க ஆயாவும் என்ற பழைய பிரிவினை, விடுதிகளில் சமையல் தலைமைக்கும் அறை துப்புரவுக்குமிடையே மீண்டும் தோன்றுகிறது. வெளியே தேயிலைச் செடிகளுக்கிடையே கொழுந்துக்காரி படமெடுக்கப்படுகிறாள். அதற்காக அவள் கைநிறுத்தி நிற்கும் நேரத்துக்குச் செக்றோலில் இடமில்லை. மாலையில் குறையும் கிலோவுக்கு உண்டு.