தவறான விடைகளால் ஆன வினாத்தாள்

இயற்பியல் ஆசிரியர்கள் எஃப்.சி.ஐ. என்று சுருக்கிச் சொல்லும் ‘ஃபோர்ஸ் கான்செப்ட் இன்வென்டரி’யில் 30 கேள்விகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஐந்து விடைகள், ஒன்றுதான் சரி. சூத்திரம் தேவையில்லை, கணக்குப் போட வேண்டியதும் இல்லை. கல்லூரியில் இயந்திரவியல் பாடம் தொடங்குமுன் ஒரு முறையும் முடிந்தபின் ஒரு முறையும் இதே தாளைக் கொடுக்கிறார்கள். நடுவில் மாணவரின் மனதில் என்ன மாறியது என்று பார்ப்பதுதான் நோக்கம்.

பிறந்த இடம் அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம். 1980களில் இப்ராஹிம் ஹல்லூனும் டேவிட் ஹெஸ்டனஸும் இதன் முன்னோடித் தாளை உருவாக்கியபோது, முதலில் கேள்விகளை மட்டும் கொடுத்து மாணவர்களைச் சொந்த வார்த்தையில் எழுதச் சொன்னார்கள். திரும்பத் திரும்ப வந்த தவறுகளைப் பொறுக்கி, அவற்றையே பின்னர் தெரிவு விடைகளாக வைத்தார்கள். இந்தத் தாளின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்பேன். வழக்கமான தேர்வில் தவறான விடைகள் கேள்வி தயாரிப்பவரின் கற்பனை. இதிலோ அவை மாணவர்கள் உண்மையாகவே நம்பியவை.

மேலே எறிந்த பந்தை எடுத்துக்கொள்வோம். கையை விட்டுப் பிரிந்து இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. காற்றுத் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால் அதன்மேல் செயல்படுவது புவியீர்ப்பு மட்டுமே, அதுவும் கீழ்நோக்கி. ஆனால் கை கொடுத்த விசை பந்தோடு கூடவே போய்க் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது என்று நினைப்பவர்கள் ஏராளம். எறிந்த பொருளுக்குள் ஓர் உந்தல் குடியேறி அதைக் கொண்டுபோகிறது என்று 14ஆம் நூற்றாண்டில் பாரிஸில் ழான் பூரிடான் என்ற பேரறிஞரும் எழுதினார். ஆகவே அப்படி நினைக்கும் மாணவரை மந்தபுத்தி என்று தள்ளிவிட முடியாது. அவர் உலகத்தைக் கவனித்துத் தனக்கென ஒரு விளக்கம் வைத்திருக்கிறார். அதை யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

முன்னோடித் தாளை வைத்து 1985இல் வெளியான முடிவுகள் ஆசிரியர்களுக்குக் கசப்பாக இருந்தன. நான்கு பேராசிரியர்களின் வகுப்புகளை ஒப்பிட்டார்கள். ஒருவர் கருத்துகளைத் தர்க்கமாக விளக்குபவர், ஒருவர் செய்முறை விளக்கங்களில் வல்லவர், ஒருவர் கணக்குகளுக்கு முக்கியத்துவம் தருபவர், இன்னொருவர் புத்தகத்தை ஒட்டி நடத்தியவர். நான்கு வகுப்புகளிலும் முன்னேற்றம் கிட்டத்தட்ட ஒரே அளவுதான், அதுவும் சொற்பம்.

மால்கம் வெல்ஸ், கிரெக் ஸ்வாக்ஹேமர் என்ற இரு பள்ளி ஆசிரியர்களும் ஹெஸ்டனஸுடன் சேர்ந்து மெருகேற்றிய வடிவம் 1992இல் ‘தி ஃபிசிக்ஸ் டீச்சர்’ இதழில் இன்றைய பெயரோடு வந்தது. அப்போது 29 கேள்விகள். 1995 திருத்தத்தில் 30 ஆயின.

அதற்குள் முன்னோடித் தாளைப் பற்றிய செய்தி ஹார்வர்டை எட்டியிருந்தது. அங்கே இயற்பியல் கற்பித்த எரிக் மசூர் அதைப் பற்றிய கட்டுரையைப் படித்துவிட்டு, தன் மாணவர்களுக்கு இதெல்லாம் சுலபம் என்று எண்ணித்தான் தேர்வு வைத்தார். கனமான லாரியும் சிறிய காரும் நேருக்கு நேர் மோதினால் எது எதன்மேல் அதிக விசை செலுத்தும்? நியூட்டனின் மூன்றாம் விதிப்படி இரண்டும் சமம். அந்த விதியை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்களும் லாரி என்று விடை தந்தார்கள். நீங்கள் கற்பித்தபடி எழுதவா, நான் நினைக்கிறபடி எழுதவா என்று ஒரு மாணவி கேட்டதாக மசூர் பலமுறை சொல்லியிருக்கிறார். மாணவர்கள் பக்கத்தில் இருப்பவரோடு வாதிட்டுக் கற்கும் அவருடைய முறை இந்த அதிர்ச்சியில் பிறந்தது.

1998இல் இண்டியானா பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ஹேக் 62 வகுப்புகளின் 6,542 மாணவர்களுடைய முடிவுகளைத் திரட்டினார். தொடக்கத்தில் தெரியாமல் இருந்ததில் எத்தனை பங்கைக் கற்றார்கள் என்பது அவர் அளவுகோல். விரிவுரையை மட்டும் நம்பிய வகுப்புகளில் சராசரி 0.23, மாணவர்களைப் பேசவும் செய்யவும் வைத்த வகுப்புகளில் 0.48. இந்த ஒற்றை எண்ணுக்கு நன்மையும் உண்டு, ஆபத்தும் உண்டு. துறைகள் தங்கள் கற்பித்தலை ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. ஆனால் அறிக்கைக்குச் சராசரியை மட்டும் எடுத்துக்கொண்டு, எத்தனை பேர் லாரியைத் தேர்ந்தார்கள், எத்தனை பேர் பந்துக்குள் விசை இருப்பதாக எண்ணுகிறார்கள் என்று பார்க்காத துறை, மாணவர் சொன்னதைக் காதில் வாங்கவே இல்லை.

தாள் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டு நாடு நாடாகப் போனது. லெய் பாவ் குழுவினர் 2009இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஒப்பீட்டில், பள்ளியில் ஐந்தாண்டுகள் இயற்பியல் படித்துவிட்டு வந்த சீனக் கல்லூரி மாணவர்களின் சராசரி 86 சதவீதம், அமெரிக்க மாணவர்களுடையது 49. பொதுவான அறிவியல் தர்க்கத் தேர்விலோ இருவரும் ஏறக்குறைய 75. விசையைப் பற்றிய தெளிவு வேறு, ஆராயும் திறன் வேறு என்பதை அது காட்டியது. பட்டப்படிப்பின் பயனை ஒரே தாளால் அளக்க முடியாது என்பதற்கு இதைவிட வலுவான சான்றை நான் கண்டதில்லை.

தாளின்மீதே கேள்விகளும் எழுந்தன. 30 கேள்விகளும் சேர்ந்து உண்மையில் எதை அளக்கின்றன என்று 1995இலேயே ஹஃப்மனும் ஹெல்லரும் கேட்டார்கள். 2018இல் அட்ரியன் டிராக்ஸ்லர் குழுவினர் சில கேள்விகள் பெண்களுக்குப் பாதகமாக அமைந்திருப்பதைக் கண்டார்கள். பாரபட்சமான கேள்விகளை நீக்கியபோது ஆண் பெண் மதிப்பெண் இடைவெளி கணிசமாகக் குறைந்தது, ஆனால் முழுவதும் மறையவில்லை.