சம்மட்டியும் வில்லும்

கோபாலபுரத்து வேணுகோபால சுவாமி கோயிலிலிருந்து மவுண்ட் ரோடுக்கு நடந்து செல்ல அரைமணி நேரமும் வேண்டியதில்லை. இன்று அவ்வழியில் செவியில் விழுவது மோட்டார் வாகனங்களின் இரைச்சலே எனினும், நூறாண்டுகளுக்கு முன்பு அந்தப் பெருஞ்சாலையில் வண்டி கட்டுவது ஒரு பெருந்தொழிலாக நடைபெற்றது. 1840இல் தோன்றிய சிம்ப்ஸன் ஸ்தாபனத்தார் குதிரை வண்டிகள் கட்டுவதில் பிரசித்தி பெற்றிருந்தார்கள். 1903இல் அவர்களிடம் பணியாற்றிய சாமுவேல் ஜான் கிரீன் என்பவர், நீராவியால் ஓடும் மோட்டார் வண்டி ஒன்றைச் சென்னையிலேயே கட்டி ஓட்டிக் காட்டினார். வண்டி என்றதும் தச்சுவேலையை நினைப்பது நம் வழக்கம். ஆனால், சக்கரத்தைச் சுற்றிய இரும்புப் பட்டையும், அச்சும், கொக்கியும், இவை எல்லாவற்றுக்கும் மேலாக, அமர்ந்திருப்பவர் உடல் குலுங்காதபடி தாங்குகிற வில்லும் கொல்லருடைய கைவேலையே ஆகும். எஃகுப் பட்டைகளை உலையில் காய்ச்சி, ஒன்றின் மேல் ஒன்று பொருந்துமாறு வளைத்து, தோய்ச்சல் போட்டு, முறியாமலும் தளராமலும் நிற்கும் பதத்துக்குக் கொண்டுவருவது எளிய வித்தையன்று. அந்த வில்லைப் பற்றித்தான் இக்கட்டுரையில் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில், கொல்லன் வண்டிக்குக் கொடுத்த வில், பல்லாண்டுகள் கழித்துக் கொல்லனிடமே ஒரு யந்திரமாகத் திரும்பி வந்தது.

கொல்லுவேலை ஒருவரால் மட்டும் நடைபெறுவதன்று. ஒரு கையில் குறடும் மறு கையில் சிறு சுத்தியலுமாக நிற்கும் கொல்லர், எந்த இடத்தில், எவ்வளவு பலமாக அடி விழவேண்டும் என்பதைச் சுத்தியலால் தட்டிக் காட்ட, எதிரே நிற்பவர் சம்மட்டியை ஓங்கி அவ்விடத்திலேயே அடிக்க வேண்டும். கிராமத்துப் பட்டறைகளில் அவ்வாறு அடித்தவர் பெரும்பாலும் தம்பியோ, மகனோ, மனைவியோ ஆவர். இரும்பு சிவந்திருக்கும் சில விநாடிகளுக்குள் வேலை முடியாவிட்டால் மீண்டும் உலை, மீண்டும் கரி, மீண்டும் துருத்தி. மயிலாப்பூரில் வாழ்ந்தவர் என்று மரபு கூறும் வள்ளுவர், கூடாநட்பு அதிகாரத்தின் முதற் குறளிலேயே பட்டடையை உவமையாக வைத்தார். தக்க சமயம் வாய்க்கும்வரை தாங்குவதுபோல் இருந்து, வாய்த்தபோது அடிபடச் செய்வது பட்டடை என்பதை உலைக்களத்தைக் கூர்ந்து கண்டவரே சொல்ல முடியும்.

அந்த இரண்டாவது ஆளின் கையை யந்திரத்துக்குக் கொடுக்கும் முயற்சி மேலைநாட்டில் பழமையானது. நீர்ச்சக்கரத்தால் இயங்கும் சம்மட்டிகள் அங்கே பல நூற்றாண்டுகள் உழைத்தன. 1839இல் 'கிரேட் பிரிட்டன்' என்னும் பெருங்கப்பலின் சக்கர அச்சை அடித்து உருவாக்க வல்ல சம்மட்டி இங்கிலாந்தில் எங்குமே இல்லை என்று அறிந்த ஜேம்ஸ் நாஸ்மித், நீராவிச் சம்மட்டிக்குப் படம் வரைந்தார். பின்னர் சக்கரத்துக்குப் பதிலாகக் கப்பலுக்கு விசிறி பொருத்த முடிவாகிவிட்டபடியால் அந்த அச்சு செய்யப்படவே இல்லை. ஆயினும், பிரான்ஸில் லெ க்ரூஸோ ஆலையில் தம் படத்தின்படியே ஒரு சம்மட்டி இயங்குவதை 1842இல் கண்ட நாஸ்மித், ஊர் திரும்பி அதற்குக் காப்புரிமை பெற்றார். ரயில்வே பட்டறைகளின் வழியாக அவ்வகை யந்திரம் இந்தியாவுக்கும் வந்தது. ஆனால் கொதிகலனும் கட்டடமும் பெருமுதலும் வேண்டிய அந்தப் பூதத்தால் தெருவோரக் கொல்லருக்கு ஒரு பிரயோஜனமும் விளையவில்லை.

சிறு தொழிலாளியின் கைக்கு எட்டும் யந்திரமே நாட்டுக்கு வேண்டியது என்பதைச் சென்னையில் முதலில் நன்கு உணர்ந்தவர்களுள் ஆல்பிரட் சாட்டர்டன் குறிப்பிடத்தக்கவர். அப்போது சேப்பாக்கத்தில் இருந்த பொறியியல் கல்லூரியின் பேராசிரியராக வந்த அவர், பின்னர் கலைத்தொழிற் பள்ளியின் பொறுப்பை ஏற்று, 1898இல் அங்கே அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கினார். எண்ணெய் எஞ்சினால் இறைவை நீர் இறைப்பதையும், நெசவுத் தொழிலின் சீர்திருத்தத்தையும் பரீட்சித்தார். இந்த முயற்சிகள் அரசாங்கத் துறையாக உருப்பெற்ற வேளையில், ஐரோப்பிய வர்த்தகர்கள் கொடுத்த எதிர்ப்புக்கு இணங்கி, 1910இல் இந்தியா மந்திரி மார்லி பிரபு அதற்குத் தடை விதித்தார். அது பெரிய அநியாயம் என்பதே என் அபிப்பிராயம். அந்தத் துறை தழைத்திருந்தால், கொல்லருக்கு ஏற்ற விசைச் சம்மட்டி அன்றே கிடைத்திருக்கக் கூடும்.

அது கிடைக்காமையால் கொல்லர் தாமே செய்துகொண்டார். 1932இல் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் பாய்ந்தபின் சிறு பட்டறைக்கும் மோட்டார் எட்டும் பொருளாயிற்று. 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1955இல் அசோக் லேலண்டாகப் பெயர் மாறி லாரிகளைப் பெருக்கியது. லாரிகள் பெருகவே, தேய்ந்தும் முறிந்தும் கழிக்கப்பட்ட வில்கள், அதாவது ஸ்பிரிங் பட்டைகள், புதுப்பேட்டை போன்ற பழைய சாமான் கடைகளில் குவிந்தன. அவற்றை அரிவாளாக அடித்த கொல்லர்களுள் சிலர், அதே பட்டைகளைக் கொண்டு பவர் ஹாமர் என்னும் விசைச் சம்மட்டி கட்டவும் கற்றார்கள்.

அதன் தத்துவம் மிகவும் நயமானது. நிமிஷத்துக்கு 1440 சுற்று சுற்றும் மோட்டாரை அப்படியே சம்மட்டியில் கோத்தால் யந்திரம் சிதறிப்போகும். ஆகவே சிறு கப்பியிலிருந்து ஆறு மடங்கு பெரிய கப்பிக்குப் பெல்ட் போட்டு, வேகத்தை ஏறக்குறைய 240 அடிகளாகக் குறைக்கிறார்கள். பெரிய கப்பியின் மையத்தைவிட்டு விலகி நிற்கும் முளை, ஸ்பிரிங் பட்டைக் கட்டின் ஒரு முனையை ஏற்றி இறக்க, மறு முனையில் தொங்கும் இரும்புத் தலை விழுந்து அடிக்கிறது. முளையின் வீச்சு எப்போதும் ஒரே அளவினது. பட்டடைமேல் கிடக்கும் இரும்போ ஒருமுறை தடித்தும் மறுமுறை மெலிந்தும் இருக்கும். இந்த வேறுபாட்டைத் தாங்கி, அச்சு முறியாமல் காத்து, கூடவே அடிக்கு ஒரு சவுக்கின் வேகத்தையும் கொடுப்பது அந்த வில்லே! பெல்ட் தளர்ந்திருக்கையில் சம்மட்டி ஓய்ந்து நிற்கும். மிதியைக் காலால் அழுத்த, பெல்ட் இறுகி அடி தொடங்கும். அழுத்தத்துக்குத் தக்கபடி அடி மென்மையும் வன்மையும் அடைவதால், கொல்லரின் இரண்டு கைகளும் இரும்பைத் திருப்புவதற்கு விடுதலை பெறுகின்றன. தலை 25 கிலோ என்றால் கீழே உள்ள பட்டடை அதைப்போல் பத்து மடங்கேனும் கனக்க வேண்டும்; இல்லையேல் அடியின் பலம் இரும்பில் இறங்காமல் தரையில் போய்விடும்.

பஞ்சாபில் லூதியானா, படாலா நகரங்களில் இத்தகைய சம்மட்டிகளை விற்பனைக்கே செய்கிறார்கள். ஆனால் விலைகொடுத்து வாங்கிய யந்திரத்தைக் காட்டிலும், எதிரே நின்று அடிக்கப் பிள்ளைகள் முன்வராத காலத்தில், தன் ஜீவனத்தைக் காத்துக்கொள்ள ஒரு கொல்லர் கழிவு இரும்பிலிருந்து கட்டிய யந்திரத்துக்கே சரித்திர மதிப்பு அதிகம் என்பேன். ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு கிடைத்த இரும்புக் கருவிகளை எழும்பூர் அரும்பொருட்காட்சிச் சாலையார் ஏற்றுப் பேணினார்கள். அவற்றை அடித்தவர் பெயர் ஒருவருக்கும் தெரியாது. ஸ்பிரிங் பட்டையால் ஒரு கொல்லர் கட்டிய விசைச் சம்மட்டி ஒன்றையும் அவர்கள் தேடிப் பெற்று, கட்டியவரின் பெயரையும் ஊரையும் தெளிவாக எழுதி, பொதுமக்கள் காணும் இடத்தில் வைக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.