கோதுமை பிடிபட்ட கதை



டெல்லியில் இருக்கும் என் தங்கை மகளுக்கு சீலியாக் நோய் என்று உறுதியானதிலிருந்து குடும்பக் குழுவில் ஒரே கேள்விதான்: "இது என்ன புதுசா ஒரு வியாதி?" அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். மூன்று வருடமாக வயிற்று உப்புசம், அடிக்கடி வயிற்றுப்போக்கு, இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் தீராத இரத்தசோகை. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம்தான் காரணம். அது உள்ளே போகும்போதெல்லாம் உடலின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலின் உட்சுவரை அரிக்கிறது.

இது புது வியாதி இல்லை. இன்றைய துருக்கியில் உள்ள கப்படோசியாவைச் சேர்ந்த அரேடியஸ் என்ற கிரேக்க மருத்துவர், ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன்பே, சாப்பிட்டது செரிக்காமல் வெளியேறி உடல் மெலியும் நோயாளிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். வயிற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்துதான் 'சீலியாக்' என்ற பெயரே வந்தது.

1888-இல் லண்டன் மருத்துவர் சாமுவேல் ஜீ இந்த நோயைத் தெளிவாக விவரித்தார். குணமாக வேண்டுமென்றால் உணவால்தான் ஆகும் என்றும் சொன்னார். ஆனால் எந்த உணவு? அரிசி, ஜவ்வரிசி கூடாது என்றவர், நன்றாகச் சுட்ட மெல்லிய ரொட்டியைக் கொடுக்கலாம் என்றார்! நிரபராதியைப் பிடித்து அடைத்துவிட்டுக் குற்றவாளியை விட்டுவிட்டார்.

1924-இல் நியூயார்க்கில் சிட்னி ஹாஸ் நோயுற்ற குழந்தைகளுக்கு வாழைப்பழ உணவு கொடுத்தார். ரொட்டி, தானியம், உருளைக்கிழங்கு எல்லாம் விலக்கு. குழந்தைகள் தேறினார்கள். உலகமே வாழைப்பழத்தைக் கொண்டாடியது. தட்டிலிருந்து எடுத்த ரொட்டியை யாரும் கவனிக்கவில்லை.

கவனித்தவர் நெதர்லாந்தின் ஹேக் நகரக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கெ. 1930-களிலேயே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கோதுமை இல்லாத உணவைப் பற்றி 1941-இல் எழுதியும் விட்டார். 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானிய முற்றுகையால் அந்நாட்டில் பஞ்சம். ரொட்டி கிடைக்காமல் ஜனங்கள் டூலிப் கிழங்கைத் தின்றார்கள். அந்தக் கொடுமையிலும் சீலியாக் குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி திரும்பியதும் நோயும் திரும்பியது. பஞ்சம்தான் இதைக் கண்டுபிடித்துக் கொடுத்தது என்று பலர் சொல்வார்கள். அது சரியல்ல. ஏற்கெனவே இருந்த சந்தேகத்துக்குப் பஞ்சம் வலுச் சேர்த்தது, அவ்வளவுதான்.

"சந்தேகம் வேறு, சான்று வேறு" என்று வகுப்பில் சொல்வேனே, நினைவிருக்கிறதா? டிக்கெ சந்தேகத்தோடு நிற்கவில்லை. கோதுமையை நிறுத்தினார், மறுபடி கொடுத்தார். வான் டி காமர் என்ற வேதியியலாளர் மலத்தில் வெளியேறும் கொழுப்பை ஒவ்வொரு முறையும் அளந்தார். கோதுமை கொடுத்தால் அளவு ஏறியது, நிறுத்தினால் இறங்கியது. டிக்கெ 1950-இல் இதை முனைவர் பட்ட ஆய்வாக அளித்தார். அடுத்த சில ஆண்டுகளில் கோதுமையின் மாவுச்சத்து அல்ல, குளூட்டனே காரணம் என்பதும் தெளிவானது. அரிசியும் விடுதலையானது!

இன்றைய பரிசோதனையும் இதே தர்க்கம்தான். டிடிஜி-ஐஜிஏ என்ற இரத்தப் பரிசோதனை, குளூட்டனால் உடலில் உண்டாகும் எதிர்ப்பொருளைத் தேடுகிறது. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் எண்டோஸ்கோபி வழியாகச் சிறுகுடலில் துளி சதை எடுத்துப் பார்த்து உறுதி செய்கிறார்கள். கோதுமையை முன்கூட்டியே நிறுத்திவிட்டால் எதிர்ப்பொருள் குறையும், குடலும் ஆறத் தொடங்கும். நோய் இருந்தும் 'இல்லை' என்று முடிவு வரலாம். எனவே யூடியூப் பார்த்துச் சப்பாத்தியை நிறுத்தாதீர்கள். முதலில் பரிசோதனை, பிறகு பத்தியம். ஏற்கெனவே நிறுத்தியிருந்தால் மருத்துவரிடம் அதை மறைக்காமல் சொல்லுங்கள்.

"நாம சோறு சாப்பிடுறவங்க, நமக்கு எதுக்கு?" என்று அண்ணன் கேட்டார். 2016-இல் வெளியான ஓர் இந்திய ஆய்வில் வடக்கே நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேலாகவும், தெற்கே ஆயிரத்துக்கு ஒருவருக்கும் இந்நோய் இருந்தது. ஆனால் இதற்கு இடம் கொடுக்கும் மரபணு இரு பக்கமும் ஏறக்குறைய சம அளவே. வேறுபாடு தட்டில்: சராசரி கோதுமை உணவு வடக்கே நாளுக்கு 455 கிராம், தெற்கே 25 கிராம். இப்போது நம் வீடுகளில் காலையில் ரவை உப்புமா, மாலையில் பரோட்டா, இரவில் சப்பாத்தி. கடைப் பெருங்காயத்தில்கூடப் பெரும்பாலும் மைதா கலந்திருக்கிறது.

நோயாளியின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இது இருக்கக்கூடும். ஆகவே தங்கை, மாப்பிள்ளை, மருமகன் மூவரும் இந்த மாதமே இரத்தம் கொடுத்துப் பாருங்கள். மற்றவர்களில் காரணம் புரியாத வயிற்றுக் கோளாறோ, தீராத இரத்தசோகையோ இருப்பவர்கள் மருத்துவரிடம் இந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்விகளைக் கீழே எழுதுங்கள். வரலாறு என்றால் நான் சொல்கிறேன். வைத்தியம் என்றால் நம் வகுப்பில் படித்து டாக்டரானவர்கள் வந்து சொல்லட்டும்.

நலமுடன் இருங்கள்.