அறிதலும் சேர்த்தலும்: செயலாக்க அறிவியல் நோக்கில் தமிழ்நாட்டின் எச்.ஐ.வி. தடுப்பு வரலாறு (1986–2018)

முன்னுரை

ஒரு மருந்து பயன் தருமா என்பதை மருத்துவ ஆய்வு காட்டுகிறது. அம்மருந்து உரியவரை உரிய காலத்தில் சென்றடைகிறதா, இல்லையெனில் எந்தப் படியில் தடைபடுகிறது என்பதை ஆராய்வது செயலாக்க அறிவியல். இத்துறைக்கெனத் தனி ஆய்விதழ் 2006-இல்தான் தோன்றியது. ஆயினும் அத்துறை எழுப்பும் வினாக்கள் தமிழ்நாட்டில் அதற்கு இருபது ஆண்டுகள் முன்னரே எழுந்துவிட்டன. அறியப்பட்ட ஒன்றை உரியவரிடம் சேர்ப்பதே இவ்வரலாற்றின் மையச் சிக்கல் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

கண்டறிதலும் அடைத்துவைத்தலும்

1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் ஆய்வு மேற்கொண்ட மாணவி செல்லப்பன் நிர்மலா, பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடமிருந்து இரத்த மாதிரிகளைத் திரட்டினார். அவை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது இவ்வாறே முதன்முதலில் வெளிப்பட்டது. ஆனால் தொற்று உறுதியான பெண்கள் தண்டனைக்காலம் முடிந்த பின்னரும் காப்பகத்தில் அடைத்துவைக்கப்பட்டனர். பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் தொடுத்த வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் 1990-இல் அவர்களை விடுவித்தது. பயனுள்ள கூட்டு மருந்து அன்று உலகில் எங்கும் இல்லை. எனினும் ஆலோசனையும் மறைகாப்பும் வழங்கியிருக்க இயலும். அவை வழங்கப்படாமையால், பரிசோதனை முடிவே தண்டனையாக மாறியது.

நிறுவன வழி

1992-இல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. வழக்கமான அரசு நடைமுறையில் நிதி காலத்தே சென்றடையாத நிலையில், 1994-இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் பதிவுபெற்ற தனி அமைப்பாக உருவாக்கப்பட்டது. 1999-இல் தொடங்கிய இரண்டாம் கட்டத் திட்டத்தில் பிற மாநிலங்களும் இம்முறையை ஏற்றன. 2004 ஏப்ரலில் இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை தொடங்கியபோது தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை முதல் மையங்களுள் ஒன்றாயிற்று. பரிசோதனையையும் ஆலோசனையையும் ஓரிடத்தில் இணைக்கும் மையங்கள் 'நம்பிக்கை மையம்' என்னும் பெயரில் அரசு மருத்துவமனைகளில் பரவின. தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு மாநிலங்களில் 15–24 வயதுக் கர்ப்பிணிகளிடையே தொற்று 2000-இல் 1.7 விழுக்காடாக இருந்து 2004-இல் 1.1 விழுக்காடாகக் குறைந்ததை 2006-இல் 'லான்செட்' இதழில் வெளியான ஆய்வு காட்டியது.

சான்றிலிருந்து கொள்கைக்கு

தொடக்கத்திலேயே சிகிச்சை அளித்தால் இணையருக்குத் தொற்று பரவுவது 96 விழுக்காடு குறையும் என்பதை எச்.பி.டி.என். 052 ஆய்வு 2011-இல் மெய்ப்பித்தது. 1,763 இணையர் பங்கேற்ற அவ்வாய்வின் களங்களுள் சென்னையும் ஒன்று. கண்டறியப்பட்ட அனைவருக்கும் உடனடிச் சிகிச்சை என்னும் கொள்கையை இந்தியா 2017-இல்தான் ஏற்றது. சென்னை மண்ணிலும் விளைந்த ஒரு சான்று கொள்கையாக மாற ஆறு ஆண்டுகள் ஆயின.

கொள்கை வந்த பின்னும் இழப்பு தொடரும். தம் நிலையை அறிந்தோர், சிகிச்சை பெறுவோர், வைரஸ் கட்டுப்பட்டோர் என்னும் மூன்று படிகளிலும் 90 விழுக்காடு எட்டப்பட்டால்கூட, மொத்தத் தொற்றாளருள் 73 விழுக்காட்டினரே இறுதிப் படியை அடைவர்.

சாத்தூர் காட்டும் பாடம்

2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டம் சாத்தூர் அரசு மருத்துவமனையில் கர்ப்பிணி ஒருவருக்குத் தொற்றுள்ள இரத்தம் ஏற்றப்பட்டது. அதை அளித்தவரின் இரத்தத்தில் 2016-இலேயே தொற்று கண்டறியப்பட்டிருந்தும் அச்செய்தி அவரிடம் சேரவில்லை. வெளிநாட்டு வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் தம் நிலையை அறிந்த அவரே முன்வந்து அதைத் தெரிவித்தார். எச்.ஐ.வி. தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் அவ்வாண்டு செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருந்தது. பரிசோதனைக் கருவியும் சட்டமும் இருந்தன. முடிவை உரியவரிடம் கொண்டுசேர்க்கும் ஒரு படியே விடுபட்டது.

முடிவுரை

1986-இல் பரிசோதனை முடிவு உரியவருக்கு எதிராகப் பயன்பட்டது. 2016-இல் அது உரியவரைச் சென்றடையவே இல்லை. இரண்டிலும் குறை அறிவில் இல்லை. அறிவைக் கையாண்ட முறையில் உள்ளது. விருதுநகரை அடுத்த சிவகங்கை மாவட்டத்தில், குறிப்பாக வெளிநாட்டு வேலைக்குச் செல்வோர் மிகுந்த காரைக்குடி வட்டாரத்தில், இப்பாடம் உடனடிப் பொருத்தம் உடையது. எத்தனை பேர் பரிசோதிக்கப்பட்டனர் என்பதோடு, எத்தனை பேர் மறைகாப்புடன் முடிவைப் பெற்றுச் சிகிச்சையில் சேர்ந்தனர் என்பதும் மாவட்ட அளவில் பதிவாதல் வேண்டும். அப்பதிவே இனிவரும் செயலாக்க ஆய்வுகளுக்கு அடிப்படைச் சான்றாகும்.