ஒரு 'மட்டும்' இல்லாததால் 14 வருஷம்

போன பொங்கலுக்குக் குமாரபாளையம் போயிருந்தேன். மாமா அங்கே விசைத்தறி வச்சிருக்கார். சாப்பிட்டு முடிச்சதும் பரண்ல இருந்து ஒரு பழைய ஃபைலை எடுத்துட்டு வந்து, "கம்ப்யூட்டர் படிச்சவன்தானே, இதைக் கொஞ்சம் படிச்சு சொல்லு கண்ணு" என்றார்.

டெல்லி வியாபாரி ஒருத்தருக்கு துண்டு அனுப்பிய கணக்கு. 1,80,000 ரூபாய் பாக்கி. நாலு வருஷத்துக்கு மேல ஆச்சு. அந்த ஆள் கொடுத்த பர்ச்சேஸ் ஆர்டரின் பின்பக்கம், எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்துல ஒரு வரி: இது சம்பந்தமான எல்லா வழக்குகளும் டெல்லி நீதிமன்றங்களில் மட்டுமே.

வக்கீலைப் பார்த்தீங்களா மாமான்னு கேட்டேன்.

"பார்த்தேன். இங்க போட்டா நிக்காது, டெல்லிக்குத்தான் போகணும்னாரு. அங்க வக்கீலு, ரயிலு, ரூம் வாடகை... அந்தக் காசுக்கு இன்னொரு பழைய தறி வாங்கிடலாம் கண்ணு. விட்டுட்டேன்."

அவர் தப்பு பண்ணலை. பணம் வரணும்ங்கிறதுல சந்தேகமே இல்லை. ஆனா எந்த ஊர்ல கேக்கணும்ங்கிற ஒரு வரியிலேயே ஆட்டம் முடிஞ்சு போச்சு. ஊருக்குத் திரும்பின பிறகும் இது மண்டையைக் குடைஞ்சுக்கிட்டே இருந்தது. பொட்டி தட்டுற நேரம் போக மிச்ச நேரத்துல பழைய தீர்ப்புகளை எடுத்துப் படிச்சேன். அதுல நம்ம சேலமும் போடியும் வருதுன்னு பார்த்ததும் உங்ககிட்ட சொல்லியே ஆகணும்னு தோணிச்சு.

முதல்ல அடிப்படை. எந்த ஊர்ல வழக்குப் போடலாம்னு 1908-ம் வருஷத்து உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 20-வது பிரிவு சொல்லுது. பிரதிவாதி குடியிருக்கிற அல்லது தொழில் பண்ற ஊர்ல போடலாம். இல்லைன்னா வழக்குக்குக் காரணமான சங்கதி முழுசாவோ ஒரு பகுதியோ நடந்த ஊர்லயும் போடலாம். ஆக ஒரே வியாபாரத்துக்கு ரெண்டு மூணு ஊர் கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கலாம். அதுல ஒண்ணை மட்டும் வச்சுக்கிட்டு மத்ததை அடைக்கிறதுதான் இந்தப் பொடி எழுத்து வரியோட வேலை.

அப்படி அடைக்கலாமா? 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 28-வது பிரிவு, ஒருத்தர் கோர்ட்டுக்குப் போற உரிமையை அடியோட தடுக்கிற ஒப்பந்தம் செல்லாதுன்னு சொல்லுது. அதை வச்சு ஹக்கம் சிங் என்ற ஒப்பந்ததாரர் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனார். 1960-ல் கேமன் இந்தியா நிறுவனத்துக்குக் கட்டுமான வேலை எடுத்தவர். ஒப்பந்தத்தில் பம்பாய் கோர்ட் மட்டும்னு இருந்தது. அவர் வாரணாசியில் மனு போட்டார். 1971-ல் உச்ச நீதிமன்றம் ரெண்டு விஷயம் சொல்லிச்சு. ஒண்ணு, ரெண்டு கோர்ட்டுக்கு அதிகாரம் இருந்தா அதுல ஒண்ணை ரெண்டு பேரும் சேர்ந்து தேர்ந்தெடுக்கலாம், தப்பில்லை. இன்னொண்ணு, சட்டப்படி அதிகாரமே இல்லாத கோர்ட்டுக்கு ஒப்பந்தம் போட்டு அதிகாரம் கொடுக்க முடியாது.

இந்த ரெண்டாவது பாயிண்டை ஞாபகம் வச்சுக்கோங்க. போடியில் தேவைப்படும்.

சேலம்

இப்போ 1974. ஜரிகை மாதிரி மினுமினுக்கிற மெட்டாலிக் நூல் வியாபாரம். சேலத்துல ஏ.பி. ஏஜென்சீஸ். விக்கிறவர் குஜராத்தின் கைரா மாவட்டத்துல இருக்கிற ஏ.பி.சி. லேமினார்ட். 5000 பாபின், ஒண்ணு 35 ரூபாய்னு ஒப்பந்தம். நிபந்தனைகளில் 11-வதா ஒரு வரி: இந்த விற்பனையில் எழும் எந்தத் தகராறும் கைரா நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது.

தகராறு வந்தது. சேலத்துக்காரர் 1975-ல் சேலம் சார்பு நீதிமன்றத்துல வழக்குப் போட்டார். கொடுத்த அட்வான்ஸில் மீதி 1,63,240 ரூபாய், நஷ்ட ஈடு 2,40,000 ரூபாய். அந்தக் காலத்துப் பணம், யோசிச்சுப் பாருங்க.

எதிர்த்தரப்பு பணத்தைப் பத்திப் பேசறதுக்கு முன்னாடி அந்த 11-வது வரியைத் தூக்கிப் போட்டது. கைராவுக்கு வாங்கன்னாங்க. சேலம் கோர்ட்டும் சரின்னு பிராதைத் திருப்பிக் கொடுத்துடுச்சு. சென்னை உயர் நீதிமன்றம் அதை மாத்தி, சேலத்துலயே நடத்தலாம்னு சொன்னது. குஜராத் கம்பெனி டெல்லிக்குப் போனது.

உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன வருஷம் 1989.

சேலத்துக்காரர் ஜெயிச்சார். காரணம் என்ன தெரியுமா? அந்த வரியில் 'மட்டும்' இல்லை. 'கைரா எல்லைக்கு உட்பட்டது'ன்னு இருக்கு, சரி. ஆனா மத்த ஊரை விலக்குற மாதிரி 'மட்டும்', 'தவிர வேறெங்கும் இல்லை' போன்ற சொல் எதுவும் இல்லை. வழக்குக் காரணத்துல ஒரு பகுதி சேலத்துல நடந்திருக்கு. அதனால சேலத்தோட கதவு மூடலை.

இதுல என்னை உலுக்கினது ஜெயிச்சது இல்லை. 1975-ல் போட்ட வழக்கு, 1989-ல் முடிவானது 'எந்த ஊரு' என்கிற கேள்வி மட்டும்தான். பணம் உண்டா இல்லையாங்கிற விசாரணை அதுக்குப் பிறகுதான் சேலத்துல நடக்கணும். எங்க பாஷையில சொன்னா, லாகின் பக்கத்தைத் தாண்டவே 14 வருஷம்.

இந்தத் தீர்ப்புக்கு அப்புறம் ஒப்பந்தம் எழுதறவங்க 'மட்டும்' போடறதுல ரொம்பக் கவனமா ஆயிட்டாங்கன்னு நினைக்கிறேன். மாமாவோட பர்ச்சேஸ் ஆர்டர்ல இருந்த 'மட்டுமே'வுக்கும் இதே பரம்பரையாத்தான் இருக்கணும்.

போடி

போடிநாயக்கனூர் ஏலக்காய் வியாபாரி, பிரசாத் டிரேடிங் கம்பெனி. போடியில் கிளை வச்சிருந்த படேல் ரோட்வேஸ் லாரி நிறுவனத்துல டெல்லிக்கு ஏலக்காய் அனுப்பினாங்க. சரக்கு டெல்லி குடோனுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே தீப்பிடிச்சு நாசமாப் போச்சு.

வியாபாரி பக்கத்துல இருக்கிற பெரியகுளம் சார்பு நீதிமன்றத்துல நஷ்ட ஈடு கேட்டார். லாரிக்காரங்க ஒப்பந்தத்தைக் காட்டினாங்க: பம்பாய் கோர்ட் மட்டும். இந்த இடத்துல 'மட்டும்' இல்லைன்னெல்லாம் தப்பிக்க முடியாது. ஏலக்காய் ஏறினது போடியில, எரிஞ்சது டெல்லியில, நியாயம் கேக்க வேண்டியது பம்பாய்ல. எப்படி இருக்கு பாருங்க.

1991-ல் உச்ச நீதிமன்றம் 20-வது பிரிவோட விளக்கத்தைப் பிரிச்சுப் படிச்சது. ஒரு கம்பெனிக்கு வழக்குக் காரணம் எழுந்த ஊர்லயே கிளை இருந்தா, சட்டத்தின் கண்ணுக்கு அது தொழில் பண்றது அந்தக் கிளை இருக்கிற ஊர்லதான், தலைமை அலுவலகம் இருக்கிற ஊர்ல இல்லை. அப்போ பம்பாய்க்கு இந்த வழக்குல அதிகாரமே கிடையாது. அதிகாரம் இல்லாத கோர்ட்டுக்கு ஒப்பந்தம் போட்டு அதிகாரம் கொடுக்க முடியாது. ஹக்கம் சிங் வழக்கோட ரெண்டாவது பாயிண்ட், ஞாபகம் இருக்கா? பெரியகுளத்துலயே நடத்தலாம்னு தீர்ப்பு.

சட்டம் படிக்காத எனக்கே கைதட்டணும்னு தோணின இடம் இது. போடியில் கடை திறந்து காசு வாங்கினா, பதிலையும் அங்கேயே சொல்லு. அவ்வளவுதான் விஷயம்.

திரும்பவும் மூடின கதவு

2013-ல் காத்து மாறிச்சு. ஜெய்ப்பூர் ஸ்வஸ்திக் கேஸஸ், இந்தியன் ஆயில் கூட லூப்ரிகன்ட் விக்கிற ஏஜென்சி ஒப்பந்தம் போட்டிருந்தது. தகராறு வந்ததும் மத்தியஸ்தரை நியமிக்கச் சொல்லி ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் போனாங்க. ஒப்பந்தத்துல கொல்கத்தா நீதிமன்றங்களின் எல்லைக்கு உட்பட்டதுன்னு இருந்தது. 'மட்டும்' இல்லை. கிட்டத்தட்ட நம்ம சேலம் வரியேதான்.

ஆனா இந்தத் தடவை மூணு நீதிபதிகள் அமர்வு வேற மாதிரி சொல்லிச்சு. ஒரு ஊர் பேரை எழுதினாலே மத்த ஊர் வேண்டாம்ங்கிற எண்ணம் தெரியுது, 'மட்டும்' இல்லைங்கிறது பெரிய விஷயமில்லை. சேலம் தீர்ப்பை நேரடியா ரத்து பண்ணலை. ஆனா 14 வருஷம் இழுத்து வாங்கின அந்தச் சின்ன ஓட்டை அடைபட்டுடுச்சு.

அடுத்து நம்ம பொழப்பு. ஏப்ரல் 2025-ல் ஒரு தீர்ப்பு. பாட்னாவில் வேலை பார்த்த ஒரு தனியார் வங்கி ஊழியரை வேலையை விட்டு எடுத்துட்டாங்க. அவர் பாட்னாவில் வழக்குப் போட்டார். நியமனக் கடிதத்துல மும்பை கோர்ட்னு இருந்தது. மும்பைக்குத்தான் போகணும்னு உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. ஒப்பந்தம்னா ஒப்பந்தம்தான், கையெழுத்துப் போட்ட ரெண்டு பேர்ல யாருக்குப் பலம் அதிகம்னு பார்த்துச் சட்டம் மாறாதுங்கிறது சாராம்சம்.

படிச்சதும் என் ஆஃபர் லெட்டரைத் தேடி எடுத்தேன். நான் சென்னையில வேலை பார்க்கிறேன். 9-வது பக்கத்துல 'புனே நீதிமன்றங்களுக்கு மட்டும்'னு இருக்கு. புனேவுக்கு நான் இதுவரைக்கும் போனதே இல்லை. கையெழுத்து போட்ட அன்னிக்கு சம்பளம் போட்டிருந்த பக்கத்தை மட்டும்தான் படிச்சேன், ஹி ஹி.

சட்டம் சொல்றது புரியுது. வியாபாரத்துல நிச்சயம் வேணும், ஆளுக்கொரு ஊர்ல வழக்கு நடந்தா குழப்பம்தான். ரெண்டு பெரிய கம்பெனி உக்காந்து பேசி ஒரு ஊரை முடிவு பண்ணினா அது நியாயமான ஒப்பந்தம். ஆனா மாமா யார்கிட்டயும் ஊரைப் பத்திப் பேசவே இல்லையே? ஆர்டர் வேணும்னா காகிதத்தை வாங்கிக்கணும். தூரமும் ஒரு செலவுதான். அந்தச் செலவை யார் தலையில கட்டறதுங்கிறதைப் பேனா வச்சிருக்கிறவர் முடிவு பண்றார்.

சில இடத்துல சட்டமே இதைத் திருத்தியிருக்கு. 2019-ம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நுகர்வோர் தான் குடியிருக்கிற ஊர்லயே புகார் கொடுக்கலாம். 2006-ம் வருஷ குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டத்தின் 18-வது பிரிவுப்படி, பதிவு பண்ணின சிறு தொழில்காரருக்குப் பாக்கி வரலைன்னா அவர் இருக்கிற பகுதியின் கவுன்சில்லயே முறையிடலாம், வாங்கினவர் இந்தியாவுல எங்கே இருந்தாலும் சரி. ஒப்பந்தத்துல தனியா மத்தியஸ்த ஏற்பாடு இருந்தாலும் இந்தச் சட்டம்தான் மேலேன்னு 2022-ல் உச்ச நீதிமன்றம் உறுதி பண்ணியிருக்கு.

இதை மாமாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அந்த ஆர்டர் எடுத்தப்ப அவர் பதிவே பண்ணியிருக்கலை. பாக்கி கேட்டு வழக்குப் போடற மூணு வருஷக் கெடுவும் தாண்டிப் போச்சு.

"சரி விடு கண்ணு. பதிவு பண்றது எப்படின்னு சொல்லு"ன்னார். அன்னிக்கு சாயங்காலமே ஆதார் நம்பரை வாங்கி உத்யம் தளத்துல பதிவு பண்ணிக் கொடுத்தேன். பத்து நிமிஷ வேலை.

உங்க வீட்லயும் கடை, தறி, பட்டறைன்னு யாராவது இருப்பாங்க. இன்னிக்கே ஒரு தடவை கேட்டுப் பாருங்க. அப்படியே உங்க ஆஃபர் லெட்டரோட கடைசிப் பக்கத்தையும் புரட்டிட்டு, எந்த ஊர் போட்டிருக்குன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க.

டிஸ்கி: நான் வக்கீல் இல்லை. இதை நம்பி யாரும் கேஸ் போட்டுடாதீங்க. தப்பிருந்தா சட்டம் படிச்ச நண்பர்கள் திருத்தலாம்.